அப்பா வீட்டு மேயர்

எங்கள் அண்ணன் திருச்செல்வம் கிள்ளான் ரயில் நிலையத்துக்கு மேயர். அரசாங்கம் கொடுத்த பதவி இல்லை. கைப்பேசியில் ஓர் ஆப் இருக்கிறது. போகிற இடத்தில் அதைத் திறந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதற்குச் செக்-இன் என்று பெயர். ஓரிடத்தில் யார் அதிகம் தட்டுகிறார்களோ அவர் அந்த இடத்துக்கு மேயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடம் வரும். காலமெல்லாம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தே ஓய்வு பெற்ற மனிதருக்கு, ஓய்வுக்குப் பிறகுதான் ஸ்டேஷன் சொந்தமானது.

அந்த வருஷம் கிள்ளானில் எல்லாருக்கும் இந்த வியாதி. கோயிலில் தீபாராதனை காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் செக்-இன் போட்டார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரம் பாதிச் சனம் குனிந்துகொண்டிருந்தது. அட்சதையைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தட்டிய பக்கத்துத் தெருக் குமுதாவைப் பார்த்த பிறகு எனக்கு ஆச்சரியப்படுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. நான் அதில் சேரவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

நான் புனிதா, அவருடைய தங்கை. அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. ரவிக்கை தைக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். அண்ணி இறந்துபோன பிறகு அண்ணனுக்கு மத்தியானக் குழம்பு என் வீட்டிலிருந்துதான் போகிறது. அதனால் அவரைத் திட்டுகிற உரிமையும் எனக்கு உண்டு.

அண்ணன் தினமும் காலையில் கொமுட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூரில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸுக்குப் போவார். அங்கே அவருடைய சிநேகிதர் சிரில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். கார்டுகளில் எழுத்துப் பிழை பார்ப்பது அண்ணனின் வேலை. ஒரு துணைக்கால் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும் என்பதுபோலப் பார்ப்பார். அந்தச் சிரில்தான் அவருடைய கைப்பேசியில் இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தது. போட்டுக் கொடுத்த கையோடு, அண்ணனின் மகள் வாணியின் பெயரையும் நண்பர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார். அவள் உடனே சரி என்று ஏற்றுக்கொண்டாள். அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்தி ஏழெட்டு மாதம் ஆகியிருந்த நேரம் அது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாணிக்கு சுபாங் ஜெயாவில் ஒரு பல் மருத்துவக் கிளினிக்கில் வேலை. அங்கே ஏர்கோன் பழுதுபார்க்க வந்த பையன் திமோத்தி. கம்போங் மேடான்காரன், மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம், அமைதியான பிள்ளை. கட்டினால் அவனைத்தான் என்றாள். அண்ணன் முடியாது என்றார். சிரிலோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். ஈஸ்டருக்கும் கிறிஸ்மசுக்கும் அவர் வீட்டில் முதல் ஆளாய்ப் போய் உட்காருகிறவர். ஆனால் மகள் என்று வந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டார். "பேரை மாத்திருவாங்க புனிதா. வாணின்னு அவங்கம்மா வச்ச பேரு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேரை யாரும் மாற்றவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்கு முதல் நாள் காலையில் வாணி பெட்டியோடு கேட் அருகே நின்றாள். அண்ணன் ஐந்தடியில் நின்றார். நான் என் வீட்டு வாசலில், கையில் ஊசியும் நூலுமாய் நின்றேன்.

"வரேன்பா," என்றாள்.

"போ," என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லக்கூடாது, வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். வழியனுப்புகிறவர் வா என்றுதான் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அய்யாவுக்குக்கூட நாங்கள் 'வாங்க' சொல்லித்தான் லோரி ஏற்றுவோம். வாணி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை வாணியிடம் போனில் கெஞ்சியிருக்கிறேன். அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"அப்பா போன்னு சொன்னாரு அத்தே. வான்னு சொன்னா வரேன்."

அண்ணனிடம் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். "பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு இன்விடேஷன் கார்டு அடிக்கணுமா லா?" என்றார். அடிக்கிற கடையில்தானே உட்கார்ந்திருக்கிறாய், ஒன்று அடித்துக் கொடேன் என்றேன். மூன்று நாள் என் குழம்பைத் தொடவில்லை.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவும் மகளும் அந்த ஆப்பில் குடித்தனம் நடத்தினார்கள். அவள் கிளினிக்கில் தட்டுவாள், அவர் பார்ப்பார். அவர் ஸ்டேஷனில் தட்டுவார், அவள் பார்ப்பாள். ஒரு கருத்து எழுதியது கிடையாது, ஒரு கட்டைவிரல் போட்டது கிடையாது. சாப்பிடும்போது அண்ணன் கைப்பேசியைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொள்வார்.

"இன்னிக்கு லேட்டாப் போயிருக்கா. மழைல்ல." இப்படி ஏதாவது முணுமுணுப்பார். ஒருநாள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "இன்னும் வாணின்னுதான் இருக்கு."

அவர் தினமும் அந்தத் திரையில் எதைத் தேடினார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. கோபம் பாதி இறங்கிப்போயிற்று. மீதிப் பாதியை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்டேஷன், சிரில் கடை, காய்கறிப் பாசார், முடிவெட்டும் கடை என்று எல்லா இடத்திலும் தட்டுகிற மனிதர், வீட்டில் மட்டும் தட்டுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். இங்கே இருந்த காலத்தில் வாணி அண்ணன் வீட்டையும் ஓர் இடமாக அதில் சேர்த்திருக்கிறாள். 'அப்பா வீடு' என்று பெயர். மேயர்: வாணி. கிரீடம் அப்படியே இருந்தது.

"வேற யாராச்சும் அவளைவிட அதிகமா செக்-இன் போட்டாத்தான் அது போகும். நான் தினமும் போட்டா அவ பேரு போயிரும்," என்றார். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை வாணி எனக்குப் போன் செய்தாள். திமோத்திக்கு மீரியில் வேலை கிடைத்திருக்கிறதாம், பெரிய ஹோட்டலில். அடுத்த வாரம் இருவரும் கிளம்புகிறார்களாம். மீரி இருப்பது சரவாக்கில், கடல் தாண்டி. நினைத்தால் காரில் ஏறி வந்துவிடுகிற தூரம் இல்லை. அன்று மத்தியானமே சோற்றைப் பரிமாறிக்கொண்டு அண்ணனிடம் சொன்னேன்.

"ஓ," என்றார்.

"ஓவா? அவ்வளவுதானா?"

"ரசம் ஊத்து."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு என் வாசலில் வந்து நின்றார். சட்டைப்பையில் சீப்பு. ஞாயிறன்று சிரில் கடை கிடையாது.

"பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போய்ட்டு வருவோமா? லைனிங் துணி வாங்கணும்னியே."

நான் லைனிங் துணி பற்றிப் பேசி ஒரு மாதம் இருக்கும். ஆனாலும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷனில் இன்னொரு அதிசயம். மேயர் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை. செக்-இன் போடலையா என்று கேட்டதற்கு, ஒருநாள் போடலைன்னா என்ன என்றார். ரயில் புறப்பட்டு ஷா ஆலாம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு, என்ன விஷயம் சொல்லு, இல்லாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன் என்றேன்.

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். வாணி அன்று காலை பிரிக்பீல்ட்ஸில், மரத்தடி வடைக்கடையில் தட்டியிருந்தாள்.

"தற்செயலாப் பார்த்த மாதிரி இருக்கட்டும்," என்றார் அண்ணன். "நான் ஸ்டேஷன்ல தட்டினா, வர்றேன்னு தெரிஞ்சிரும்."

"வடை திங்க எவ்வளவு நேரமாகும்? நீ போறவரைக்கும் அங்கேயே உக்காந்திருப்பாளா?"

"பிரிக்பீல்ட்ஸ் போனா அவ லேசுல வரமாட்டா. பூக்கடை, வளையல் கடைன்னு சாயந்திரம் வரைக்கும் சுத்துவா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளைச் சுற்றப் பழக்கியதே நான்தான். சுபாங் ஜெயாவில் ரயில் நின்றபோது அண்ணன் பழக்கதோஷத்தில் இந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தார். அந்தப் பக்கம்தான் கிளினிக் இருக்கும் தெரு. தினமும் இப்படித்தான் மாறி உட்காருகிறார் போலும். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிற தெருவை அப்படிப் பார்த்தார்.

வடைக்கடையில் வாணி இல்லை. கடைக்கார அம்மா நல்லம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன் கைப்பேசியில் மகள் படத்தைக் காட்டினார்.

"கண்ணாடி போட்ட பொண்ணா? அது போயி ரொம்ப நேரமாச்சுங்க அண்ணே. எங்கப்பாவுக்கு மொறுமொறுன்னு வேணும், மறுபடி எண்ணெயில போடுங்கன்னு நின்னு வாங்கிச்சு. பொட்டலமாத் தாப்பாவ் பண்ணிக்கிட்டு, கிள்ளானுக்குப் போவணும்னு ஓடிச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். கிள்ளானில் அவர் வீடும் பூட்டு, என் வீடும் பூட்டு.

மேயர் வெளியூர் போகிற நாளெல்லாம் ஸ்டேஷனில் தட்டிவிட்டுத்தான் போவார். அன்று தட்டவில்லை என்றால் வீட்டில் இருக்கிறார் என்றுதானே மகள் கணக்குப் போடுவாள்? இரண்டு வருஷத்தில் ஒரே ஒருநாள் தந்திரம் செய்தார். அது இப்படி முடிந்தது. அதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி 'டிங்' என்றது. அண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

வாணி. அப்பா வீடு. கீழே ஒரே ஒரு சொல், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: வரேன்.

மரத்தடி ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "பூட்டைப் பார்த்துட்டு எழுதியிருக்கா. கிளம்பிட்டா. வரேன்னா நம்ம வீட்டுல கிளம்பறேன்னுதானே அர்த்தம்?"

"வந்துக்கிட்டிருக்கேன்னும் இருக்கலாம்."

"மீரிக்குப் போறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போறா புனிதா. அன்னிக்குச் சொன்னாளே, அதே மாதிரி. உன் போன்ல கூப்பிடு. அங்கேயே இருக்கச் சொல்லு."

என் கைப்பேசி பையில்தான் இருந்தது. எடுத்தால் ஒரு நிமிஷம். ஆனால் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இரண்டு வருஷமாக இவர் சொல்ல வேண்டியதை அங்கேயும், அவள் சொல்வதை இங்கேயும் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. அண்ணன் என்றும் பார்க்கவில்லை, வடைக்கடை என்றும் பார்க்கவில்லை.

"முடியாது. நான் கூப்பிட்டா எனக்காக இருப்பா. உனக்காக இருக்கணும்னா நீ கூப்பிடு."

"பேசினா எனக்குக் குரல் வராது."

"அப்ப எழுது. அவ எழுதியிருக்கால்ல, அதுக்குக் கீழேயே எழுது."

"என்னன்னு எழுதறது? கிளம்பறாளா வர்றாளான்னே தெரியலியே."

"ரெண்டுக்கும் ஒரே பதில்தான் அண்ணே. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

நல்லம்மாள் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு நின்றார். வடை வாங்க வந்தவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை. அண்ணன் ஒற்றை விரலால், மகளைப் போலவே ஆங்கிலத்தில், ஓர் எழுத்தை அடித்தார், பிறகு இன்னொன்றை. நிறுத்தினார்.

"ஒரு ஏ-யா, ரெண்டு ஏ-யா?"

"என்னது?"

"ஒண்ணு போட்டா வெறும் 'வ'ன்னு ஆயிரும். பாதியில விட்ட மாதிரி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நெடிலுக்கு ரெண்டு போடு. மூணு போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அனுப்பு முதல்ல."

இரண்டு போட்டார். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பிழை திருத்துகிறவர், அந்த ஒரு சொல்லை நாலு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டு அனுப்பினார்: வா.

பதில் உடனே வரவில்லை. நல்லம்மாள் கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று. நடந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனோம், டிக்கெட் எடுத்தோம், பிளாட்பாரத்தில் நின்றோம். அண்ணன் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ரயில் வந்து நிற்கிற சத்தத்தில் 'டிங்' கேட்கவில்லை, திரை வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

'இருக்கோம்' என்று எழுதியிருந்தாள்.

ஏறி உட்கார்ந்தோம். பெட்டாலிங் தாண்டியதும் அண்ணன் மெதுவாக, "இருக்கேன்னு போடல," என்றார்.

"ஆமா."

"இருக்கோம்னா அவனும் இருக்கான்."

"ஒத்த ஆளு இருந்தா இருக்கோம்னு சொல்ல மாட்டாங்க. உனக்குத் தெரியாத இலக்கணமா?"

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாயைக் கட்டிவைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் வா என்ற சொல்லைக் கேட்டாள், கிடைத்துவிட்டது. இப்போது அவள் பதிலுக்கு ஒன்று கேட்கிறாள். தனியாக வருகிற மகள் வேண்டுமென்றால் கிடைக்காது. அண்ணன் அதைத்தான் யோசிக்கிறார் என்று தெரிந்தது. சுபாங் ஜெயா வந்தது, போயிற்று. அவர் ஜன்னல் மாறி உட்காரவில்லை.

கிள்ளானில் இறங்கியதும் கைப்பேசியைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப எதுக்கு?"

"வந்துட்டோம்னு அதுங்களுக்குத் தெரியட்டும்."

'அதுங்களுக்கு' என்றார். நான் கேட்காதது மாதிரி நடந்தேன்.

வாணி கேட்டுக்கு வெளியே சின்னச் சுவரில், வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். திமோத்தி அவளோடு இல்லை. எதிர்ச் சாரியில் காரை நிறுத்திவிட்டு, சாக்கடைக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றிருந்தான். கூப்பிடாத வீட்டு வாசலில் கால் வைக்கக்கூடாது என்று நினைத்தான்போல. எங்களைக் கண்டதும் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"எங்கப்பா போனீங்க?" என்றாள் வாணி எழுந்து. "ஸ்டேஷன்ல செக்-இன் இல்லியே, வீட்ல இருப்பீங்கன்னு வந்தேன்."

"வடை வாங்கப் போனேன்," என்றார் அண்ணன்.

அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள், அழுதுவிட்டாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. மறு கையால் பூட்டைத் திறக்கப் பார்த்தார். சாவி துவாரத்தில் சேரவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன். கேட் கிரீச்சிட்டுத் திறந்தது. வாணி உள்ளே போகவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் திரும்பி எதிர்ச் சாரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? வாங்க."

குரல் வந்துவிட்டது. திமோத்தி இரண்டு பக்கமும் பார்த்து, வண்டி ஒன்றும் இல்லாத தெருவை வண்டி இருப்பது மாதிரி கவனமாகத் தாண்டி வந்தான்.

ஆறின வடையை நான் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தேன். மீரியில் வீடு எப்படி, மழை எப்படி, கோயில் இருக்கிறதா, தமிழ்ச் சனம் இருக்கிறதா என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாக் கேள்வியையும் வாணியைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலைத் திமோத்தி சொன்னான். பொழுது சாயும் வரை இப்படியே போயிற்று. நடுவில் வாணி அப்பாவின் கைப்பேசியை வாங்கி, நண்பர்கள் வரிசையில் திமோத்தி பெயரையும் சேர்த்துவிட்டாள். வாணி தன் பழைய அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் அப்படியே இருக்கு அத்தே என்றாள்.

கிளம்பினார்கள். அதே கேட். அண்ணன் அதே ஐந்தடியில் நின்றார். நான் இந்தத் தடவை ஊசி எதுவும் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

"வரேன்பா," என்றாள் வாணி.

"வா," என்றார் அண்ணன். உடனே சொன்னார்.

திமோத்தி காருக்குப் போகாமல் கைப்பேசியை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் இவனுக்கும் இந்த வியாதியா என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. அதற்குள் அண்ணன் சட்டைப்பையில் 'டிங்' என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

திமோத்தி. அப்பா வீடு.

அண்ணன் அந்த இரண்டு வரியையும் பிழை பார்ப்பதுபோல மெல்லப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தடவை போட்டா மேயராக முடியாது மாப்பிள்ளே," என்றார். "அடிக்கடி வரணும்."